நகரத் துணைவிதிகளைத் தொகுப்பதும், தொகுத்ததை நடப்பில் வைத்திருப்பதும்: முழுமையான வழிகாட்டி

எந்த நகர மன்றத்தை எடுத்துக்கொண்டாலும், பல பத்தாண்டுகளாகப் போட்ட துணைவிதிகள் (நகரம் தன் எல்லைக்குள் போடும் உள்ளூர்ச் சட்டங்கள்) கட்டுக்கட்டாகக் கோப்புகளில் கிடக்கும். குப்பைக்கு ஒன்று, நாய்க்கு ஒன்று, நடைபாதைக் கடைக்கு ஒன்று, அவற்றுக்குத் திருத்தம், திருத்தத்துக்கும் திருத்தம். "இன்றைக்கு எது செல்லும்?" என்று ஒருவர் கேட்டால் உடனே பதில் சொல்ல ஒரே தொகுப்பு வேண்டும். அதை எந்த வரிசையில் செய்ய வேண்டும், எங்கே இடறுவார்கள் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

புதிதாக வருபவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் தொடங்குகிறார்கள். கணினியில் ஒரு வெற்றுக் கோப்பைத் திறந்து, கையில் கிடைத்த முதல் துணைவிதியைத் தட்டச்சு செய்ய ஆரம்பிக்கிறார்கள். மூன்று மாதம் கழித்து, தட்டச்சு செய்ததில் பாதி எப்போதோ நீக்கப்பட்டது என்று தெரியவரும். தட்டச்சு நான்காவது படி. அதற்கு முன் மூன்று இருக்கின்றன.

1. முதலில் மேசைக்கு வர வேண்டியவை

முதலில் தாய்ச் சட்டம். நகரம் தன் விருப்பத்துக்குச் சட்டம் போட முடியாது. மேலிருந்து கிடைத்த அதிகாரத்துக்குள்தான் போட முடியும். இந்தியாவில் அந்த அதிகாரம் மாநிலத்தின் நகராட்சிச் சட்டத்திலிருந்து வருகிறது. அரசமைப்பின் 12ஆம் அட்டவணையில் 18 பொருள்கள் இருந்தாலும், அவற்றை நகரத்தின் கையில் கொடுப்பது மாநிலச் சட்டம்தான். இங்கிலாந்தில் பொது ஒழுங்குக்கான துணைவிதிகளுக்கு 1972ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தின் 235ஆம் பிரிவு அடிப்படை. அமெரிக்காவில் மாநில அரசமைப்பு, மாநிலச் சட்டங்கள், நகரின் சாசனம் மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தாய்ச் சட்டம் ஏன் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்றால், அபராதத்தின் உச்ச வரம்பு, ஒப்புதல் யாரிடம் பெற வேண்டும், எப்போது அமலுக்கு வரும் என்ற மூன்று கேள்விக்கும் விடை அங்கேதான் இருக்கிறது. துணைவிதியில் எழுதிய அபராதம் அந்த வரம்பைத் தாண்டியிருந்தால் அதைக் குறித்துவைத்து வழக்கறிஞருக்கு அனுப்புங்கள். நீங்களே குறைத்து எழுதிவிடாதீர்கள்.

அப்புறம் கையெழுத்தும் முத்திரையும் உள்ள மூலப்பிரதிகள். ஜெராக்ஸ், பழைய கையேடு, யாரோ வசதிக்காகத் தட்டிவைத்த பிரதி எதுவும் மூலம் ஆகாது. கூடவே மன்றத்தின் தீர்மானப் புத்தகங்கள், அரசிதழிலோ செய்தித்தாளிலோ வெளியிட்டதற்கான சான்று, ஏதாவது ஒரு பிரிவை நீதிமன்றம் செல்லாது என்று சொல்லியிருந்தால் அந்தத் தீர்ப்பு.

கடைசியாக ஒரு ஆள் வேண்டும். சந்தேகம் வரும்போது "இது இப்படித்தான்" என்று எழுதிக் கையெழுத்திடக்கூடிய சட்ட ஆலோசகர். அவர் யார் என்று முன்பே முடிவாகாத இடங்களில் தொகுப்பாளரே நீதிபதியாகிவிடுகிறார். பெரிய தவறுகள் அங்கேதான் பிறக்கின்றன.

2. பதிவேட்டை முடித்துவிட்டு வாசகத்துக்குப் போங்கள்

ஒவ்வொரு துணைவிதிக்கும் ஒரு வரி. எண், தலைப்பு, நிறைவேறிய நாள், ஒப்புதல் நாள், வெளியான நாள், அமலுக்கு வந்த நாள், என்ன செய்கிறது (புதியது, திருத்தம், நீக்கம், தற்காலிகம்), எந்தப் பிரிவைத் தொடுகிறது, மூலப்பிரதி எங்கே இருக்கிறது, இன்றைய நிலை என்ன. இவ்வளவுதான்.

நாள்களைத் தனித்தனிப் பத்தியில் போடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மன்றம் கைதூக்கிய நாளும் சட்டம் அமலுக்கு வந்த நாளும் பெரும்பாலும் ஒன்றல்ல. மேலே சொன்ன இங்கிலாந்துச் சட்டத்தின் 236ஆம் பிரிவின் வழியில் போனால், ஒப்புதல் கேட்பதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே உள்ளூர்ச் செய்தித்தாளில் அறிவிக்க வேண்டும். ஒப்புதல் தருபவர் அமல் நாளைக் குறிக்காவிட்டால், ஒப்புதல் கிடைத்து ஒரு மாதம் கழித்துத்தான் துணைவிதி உயிர்பெறும். எல்லாவற்றையும் "தேதி" என்ற ஒரே பத்தியில் அடைத்தவர் பின்னால் எல்லாக் கோப்பையும் மறுபடி திறக்க வேண்டியிருக்கும்.

எண் வரிசையில் ஓட்டை விழுந்தால் அதைத் தாண்டிப் போகாதீர்கள். ஒருமுறை எனக்கு 41, 42, 44 கிடைத்தது, 43ஐக் காணோம். இரண்டு நாள் அலமாரி அலமாரியாகத் தேடினேன். கடைசியில் தீர்மானப் புத்தகத்தில் ஒரே வரி அகப்பட்டது: "பொருள் ஒத்திவைக்கப்பட்டது." வரைவுக்கு எண் கொடுத்துவிட்டார்கள், அது நிறைவேறவே இல்லை. பதிவேட்டில் "43: நிறைவேறவில்லை, தீர்மானப் புத்தகம் பார்க்க" என்று பக்க எண்ணோடு எழுதிவைத்தேன். காலியாக விட்டிருந்தால் அடுத்து வருபவரும் அதே இரண்டு நாளைத் தொலைப்பார்.

தொகுப்பில் சேராதவற்றுக்கும் பதிவேட்டில் வரி உண்டு. "இது எங்கே போயிற்று?" என்று எந்த எண்ணைக் கேட்டாலும் பதில் இருக்க வேண்டும்.

3. பொதுவானதையும் நிலையானதையும் பிரித்தெடுங்கள்

தொகுப்புக்குள் வருவது எல்லோருக்கும் பொருந்துகிற, தொடர்ந்து நீடிக்கிற விதிகள் மட்டும். ஆண்டு வரவுசெலவுத் திட்டம், ஒரு நிலத்தை வாங்கியது, ஒரு தெருவுக்குப் பெயர் வைத்தது, ஒருவரைப் பணியில் அமர்த்தியது எல்லாம் வெளியே. அவை செல்லாது என்று அர்த்தமில்லை. தங்கள் வேலையை முடித்துவிட்டவை, அல்லது ஒருவரை மட்டும் தொடுபவை.

தகராறு வரும் இடம் இரண்டு. ஒன்று, நிலப் பயன்பாட்டு வரைபடம். விதியின் வாசகம் தொகுப்பில் வரும். வரைபடத்தைத் தனியாக வைத்து, ஒவ்வொரு மாற்றத்துக்கும் நாளிட்ட பட்டியல் ஒன்றை அதோடு இணைப்பதுதான் நல்லது. மற்றது கட்டணங்கள். கட்டணத் தொகையைத் தனித் தீர்மானத்தால் மாற்றலாம் என்று விதியே சொன்னால், தொகுப்பில் தொகையை எழுதாமல் கட்டணப் பட்டியலைச் சுட்டுங்கள். தொகை அடிக்கடி மாறும், விதி மாறாது. இரண்டையும் ஒட்டினால் ஆண்டுக்கு ஒருமுறை தொகுப்பு பொய் சொல்லும்.

4. திருத்தங்களை ஏற்றி இன்றைய வாசகத்தைக் கட்டுங்கள்

இப்போதுதான் தட்டச்சு. மூல வாசகத்தை எழுத்துக்கு எழுத்து ஏற்றுங்கள், எழுத்துப்பிழை உட்பட. பிறகு திருத்தங்களை ஒவ்வொன்றாகப் போடுங்கள். ஏற்றும் வரிசை அமலுக்கு வந்த நாளின் வரிசை. எண் வரிசை அல்ல. மார்ச்சில் நிறைவேறிய 18ஆம் எண் அடுத்த ஜனவரியில் அமலுக்கு வரலாம். ஜூனில் நிறைவேறிய 22ஆம் எண் அன்றே அமலாகலாம். அப்போது 22தான் முதலில் ஏறும்.

புதியவர்கள் அதிகம் வழுக்கும் இடத்தை ஓர் உதாரணத்தோடு காட்டுகிறேன். பிரிவு 7(2) இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

"குப்பைத் தொட்டியை மாலை 6 மணிக்கு முன் தெருவோரத்தில் வைக்கக் கூடாது."

முதல் திருத்தம்: "மாலை 6" என்ற சொற்களுக்குப் பதிலாக "இரவு 7" என்று இடப்படும். சரி, ஏற்றியாயிற்று. மூன்று ஆண்டு கழித்து இரண்டாம் திருத்தம் வருகிறது: "மாலை 6" என்ற சொற்களுக்குப் பதிலாக "இரவு 8" என்று இடப்படும்.

அந்தப் பிரிவில் "மாலை 6" என்ற சொற்களே இப்போது இல்லை. யாரோ பழைய பிரதியைப் பார்த்துத் திருத்தம் எழுதியிருக்கிறார்கள். மன்றத்தின் எண்ணம் "இரவு 8" என்பதுதானே என்று நினைத்துப் புதியவர் 8 போட்டுவிடுவார். போடக் கூடாது. எண்ணம் என்னவாக இருந்தாலும், நிறைவேறிய திருத்தத்துக்கு அந்த வாசகத்தில் ஒட்ட இடமில்லை. "இரவு 7" அப்படியே நிற்கட்டும். கீழே குறிப்பில் இரண்டாம் திருத்தத்தை முழுதாகக் கொடுத்து, "குறிப்பிட்ட சொற்கள் இல்லாததால் ஏற்றப்படவில்லை" என்று எழுதுங்கள். சட்ட ஆலோசகர் பார்த்து, மன்றம் சரியான திருத்தம் ஒன்றைப் போடட்டும். ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு இவ்வளவா என்று கேட்பார்கள். அபராதம் கட்டச் சொன்னவர் நீதிமன்றம் போனால் இந்த ஒரு மணி நேரம்தான் வழக்கு.

மறைமுக நீக்கமும் இப்படித்தான். புதிய விதி பழையதோடு மோதுகிறது, ஆனால் "நீக்கப்படுகிறது" என்று எங்கும் சொல்லவில்லை. இரண்டையும் வைத்து, குறிப்பு எழுதி, மேலே அனுப்புங்கள். பழையது செத்துவிட்டது என்று முடிவு செய்வது தொகுப்பாளர் வேலை இல்லை.

இன்னொரு பொறி: நீக்கிய விதியையே நீக்கினால் என்ன ஆகும்? அ என்ற விதியை ஆ நீக்கியது. பிறகு ஆவை இ நீக்கியது. அ மறுபடி உயிர்பெறுமா? இந்தியாவின் 1897ஆம் ஆண்டுப் பொதுப் பிரிவுகள் சட்டத்தின் 7ஆம் பிரிவும், பிரிட்டனின் 1978ஆம் ஆண்டுப் பொருள்கோள் சட்டத்தின் 15ஆம் பிரிவும், உயிர்ப்பிக்கிறோம் என்று சொல்லாவிட்டால் உயிர்பெறாது என்கின்றன. எல்லா ஊரிலும் இதே விதி என்று நம்பிவிடாதீர்கள். உங்கள் துணைவிதிகளுக்கு எந்தச் சட்டம் பொருந்துமோ அதைத் திறந்து பாருங்கள்.

5. அடுக்கு, எண், இடைவெளி

பொருள் வாரியாக அடுக்குங்கள். துறை வாரியாக அடுக்கினால், துறைகள் பெயர் மாறும்போதும் இணையும்போதும் தொகுப்பு கலைந்துபோகும். கால வாரியாக அடுக்கினால் அது பதிவேடுதான், தொகுப்பு அல்ல. நன்றாக உழைக்கிற ஒரு வரிசை: பொதுவானவை, நிர்வாகம், வரியும் நிதியும், தொழில் உரிமம், விலங்குகள், சுகாதாரம், பொது அமைதி, போக்குவரத்து, தெருக்கள், குடிநீரும் கழிவுநீரும், கட்டடம், நிலப் பயன்பாடு. முதலில் நகரம் எப்படி இயங்குகிறது, பிறகு மக்கள் என்ன செய்யலாம், கடைசியில் நிலமும் கட்டடமும்.

அமெரிக்க நகரத் தொகுப்புகள் பலவற்றில் 8.04.020 போன்ற மூவடுக்கு எண்ணைப் பார்க்கலாம். 8 பாகம், 04 அத்தியாயம், 020 பிரிவு. அத்தியாயங்கள் 04, 08, 12 என்றும், பிரிவுகள் 010, 020, 030 என்றும் தாவித்தாவிப் போகும். இடையில் புதியது வந்தால் 025 என்று செருகலாம். எதையும் நகர்த்த வேண்டாம். 1, 2, 3 என்று நெருக்கி எண் போட்டவர்கள் 12அ, 12ஆ என்று ஒட்டுப்போட வேண்டியிருக்கும். அதுவும் தவறில்லை, பார்க்கத்தான் அழகாக இருக்காது.

தவறானது வேறு: நீக்கப்பட்ட பிரிவின் எண்ணை எடுத்துப் புதிய பிரிவுக்குக் கொடுப்பது. பழைய வழக்குகள், உரிமங்கள், நோட்டீஸ்கள் எல்லாம் அந்த எண்ணைத்தான் சுட்டுகின்றன. பத்தாண்டு கழித்து ஒருவர் பழைய நோட்டீஸை வைத்துத் தேடினால், நாய் உரிமத்துக்குப் பதில் விளம்பரப் பலகை விதி வந்து நிற்கும். எண் அப்படியே இருக்கட்டும். எதிரே "நீக்கப்பட்டது" என்றும், எந்தத் துணைவிதியால், எந்த நாளில் என்றும் எழுதினால் போதும்.

கணினி விஷயம் ஒன்று. பிரிவு எண்ணை எண்ணாகச் சேமிக்காதீர்கள், எழுத்தாகச் சேமியுங்கள். விரிதாள் மென்பொருள் 8.40ஐச் சத்தமில்லாமல் 8.4 ஆக்கிவிடும். இரண்டும் வேறு வேறு பிரிவாக இருந்தால் ஒன்று காணாமல் போகும்.

6. வரையறைகளை ஒன்றாக்கத் துடிக்காதீர்கள்

போக்குவரத்து விதியில் "வாகனம்" என்றால் மிதிவண்டியும் சேரும். கைவிடப்பட்ட வாகனங்கள் பற்றிய விதியில் "வாகனம்" என்றால் மோட்டார் உள்ளவை மட்டும். தொகுக்க வந்தவர் இரண்டையும் பார்த்து, ஒன்றை எடுத்துவிட்டுப் பொதுப் பாகத்தில் ஒரே வரையறை வைத்தால் சுத்தமாக இருக்குமே என்று நினைப்பார். அந்த ஒரு நகர்த்தலில், துருப்பிடித்த மிதிவண்டியையும் நகரம் இழுத்துக்கொண்டு போகலாம் என்று சட்டம் மாறிவிடும். மன்றத்தில் யாரும் அதற்கு வாக்களிக்கவில்லை.

அதனால் ஒவ்வொரு வரையறையும் தன் அத்தியாயத்தில், "இந்த அத்தியாயத்தில்" என்ற முன்சொல்லோடு இருக்கட்டும். "நகரம்", "மன்றம்", "நபர்" போல எங்கும் ஒரே பொருள் தருபவை மட்டும் பொதுப் பாகத்துக்குப் போகலாம். பொதுத் தண்டனைப் பிரிவும், ஒரு பகுதி செல்லாமல் போனால் மற்றவை நிற்கும் என்ற பிரிவும் அங்கே ஒருமுறை வந்தால் போதும்.

7. ஒவ்வொரு பிரிவின் அடியிலும் வரலாற்றுக் குறிப்பு

"துணைவிதி 17, பிரிவு 7, அமல் 1.4.1996, திருத்தம்: துணைவிதி 52, பிரிவு 2, அமல் 1.1.2009." இவ்வளவு சின்னதுதான். ஆனால் தொகுப்பில் உள்ள ஒரு வாக்கியத்தைப் படிப்பவர் சந்தேகப்பட்டால், அதைப் பிடித்துக்கொண்டு கையெழுத்திட்ட காகிதம்வரை போகலாம். இந்தக் கயிறு இல்லாத தொகுப்பு எவ்வளவு அழகாக அச்சிட்டாலும் யாரோ சொன்னதுதான்.

பிற சட்டங்களைச் சுட்டும் இடங்களைத் தனிப் பட்டியலாக வைத்துக்கொள்ளுங்கள். மேலே ஒரு சட்டம் மாறினால் எங்கெல்லாம் அடி விழும் என்று அப்போதுதான் தெரியும். இந்தியாவில் 1973ஆம் ஆண்டுக் குற்ற நடைமுறைச் சட்டத்தின் இடத்துக்கு 1.7.2024 அன்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்தது. பழைய 144ஆம் பிரிவு அங்கே 163 ஆனது. ஒரு துணைவிதி "144ஆம் பிரிவின்படி" என்று சொன்னால் வாசகத்தில் 144ஐ அழித்து 163 எழுதிவிடத் தோன்றும். வாசகத்தைத் தொடாதீர்கள். பழைய சட்டத்தைச் சுட்டுவது, அதை மறுபடி இயற்றிய புதிய சட்டத்தைச் சுட்டுவதாகவே கொள்ளப்படும் என்று மேலே சொன்ன 1897 சட்டத்தின் 8ஆம் பிரிவு ஏற்கெனவே ஏற்பாடு செய்திருக்கிறது. அடியில் ஒரு குறிப்பு போதும்.

8. மன்றத்தின் முன் வைப்பது

மன்றம் ஏற்காதவரை தொகுப்பு ஓர் அலுவலக வசதி மட்டுமே. முரண்பாடு வந்தால் மூலத் துணைவிதியே வெல்லும். முதல் பக்கத்தில் அப்படியே சொல்லிவிடுங்கள்.

ஏற்றுக்கொண்டால் கதை மாறும். ஏற்கும் துணைவிதியில் பொதுவாக "இதில் சேராத பொதுவான, நிலையான துணைவிதிகள் அனைத்தும் நீக்கப்படுகின்றன" என்று ஒரு வரி இருக்கும். நீங்கள் மறந்துபோன விதி அன்றோடு செத்தது. அதனால் அந்த வரிக்குப் பின்னால் காப்புப் பட்டியல் கட்டாயம் வேண்டும்: கடன் பத்திரங்கள், ஒப்பந்தங்கள், வழங்கிய உரிமைகள், நிலுவையில் உள்ள வழக்குகள், ஏற்கெனவே விதித்த அபராதங்கள். பதிவேட்டில் "வெளியே" என்று குறித்த ஒவ்வொரு வரியும் இந்தப் பட்டியலின் ஏதாவது ஒரு தலைப்பில் விழுகிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். விழாதது இருந்தால் பட்டியலில் சேருங்கள்.

தொகுப்பு முடிந்ததும் அவசரமாக மன்றத்துக்கு அனுப்புவதை நான் விரும்புவதில்லை. சில மாதம் அலுவலகத்தில் புழங்கவிடுங்கள். உரிமம் கொடுப்பவரும் நோட்டீஸ் எழுதுபவரும் தினமும் புரட்டும்போது, சட்ட ஆலோசகர் கண்ணுக்குப் படாததெல்லாம் வெளியே வரும்.

9. நடப்பில் வைத்திருப்பது

பலர் இங்கேதான் கைவிடுகிறார்கள். தொகுப்பு வெளியாகும், பாராட்டு கிடைக்கும், இரண்டு ஆண்டு கழித்து அது பழைய காலண்டர் ஆகிவிடும்.

துணைவிதி நிறைவேறிய மறுநாளே பதிவேட்டில் வரி ஏற வேண்டும். அன்றே தொகுப்பில் சேர்க்க முடியாது, பரவாயில்லை. "நிறைவேறியது, இன்னும் சேரவில்லை" என்ற பட்டியல் ஒன்று தொகுப்பின் முகப்பிலேயே இருக்கட்டும். கூடவே, "துணைவிதி எண் இன்னதுவரை, இந்த நாள்வரை சேர்க்கப்பட்டது" என்ற வரி. வெறுமனே "புதுப்பிக்கப்பட்டது" என்று எழுதுவதில் படிப்பவருக்கு எந்தப் பயனும் இல்லை.

பாதி வேலை வரைவு எழுதும்போதே முடிந்துவிடும். சொல்லுக்குச் சொல் மாற்றும் திருத்தத்தை ஊக்குவிக்காதீர்கள். "பிரிவு 8.04.020 கீழ்க்கண்டவாறு திருத்தப்படுகிறது" என்று சொல்லி முழுப் பிரிவையும் எழுதச் சொல்லுங்கள். மேலே பார்த்த "மாலை 6" சிக்கல் வராது. வரைவு மன்றத்துக்குப் போகுமுன் தொகுப்பாளர் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று வழக்கப்படுத்திவிட்டால் இன்னும் நல்லது.

தாளில் வைத்திருந்தால் கழற்றி மாட்டும் தாள்களாக வையுங்கள். ஒவ்வொரு தொகுதித் திருத்தத்தோடும் "இந்தப் பக்கங்களை எடுங்கள், இவற்றைச் செருகுங்கள்" என்ற தாள் போக வேண்டும். எடுத்த பக்கங்களை எறியக் கூடாது; ஒரு முழுத் தொகுதியாவது நாள் போட்டுப் பாதுகாப்பாக இருக்க வேண்டும். போன ஆண்டு நடந்த மீறலுக்குப் போன ஆண்டு வாசகம்தான் பொருந்தும். இணையத்தில் வைத்தாலும் இதே விதி: பழைய வடிவத்தின் மேல் புதியதை எழுதி அழிக்காதீர்கள்.

மெய்ப்புப் பார்ப்பதை ஒருவரே செய்ய வேண்டாம். ஒருவர் மூலப்பிரதியைச் சத்தமாக வாசிக்க, மற்றவர் தொகுப்பில் விரல் வைத்துப் பார்க்கட்டும். சலிப்பான வேலைதான். "கூடாது" என்பது "கூடும்" ஆவதை எழுத்துப்பிழை பார்க்கும் மென்பொருள் பிடிக்காது, காது பிடித்துவிடும்.

10. ஆண்டுக்கு ஒரு சோதனை

கண்ணை மூடிப் பத்துப் பிரிவுகளைத் தேர்ந்தெடுங்கள். வரலாற்றுக் குறிப்பைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றையும் மூலப்பிரதிவரை தேடிப் போங்கள்: குறிப்பு, பதிவேடு, அலமாரி, காகிதம். பத்தும் ஒத்துப்போனால் அந்த ஆண்டு தப்பித்தீர்கள். ஒன்று பிசகினாலும் அதை மட்டும் திருத்திவிட்டுப் போகாதீர்கள். அதே திருத்தத் துணைவிதி தொட்ட மற்ற எல்லாப் பிரிவுகளையும் எடுத்துப் பாருங்கள். அன்றைக்குத் தட்டச்சு செய்தவர் ஒரே இடத்தில் மட்டும் தூங்கியிருக்க மாட்டார்.